மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு, சோளகத்தோடு

இலங்கையின் வடக்கே, வன்னியில் எனக்குப் பிடித்த சைக்கிள் பாதை ஏ34 வீதிதான். மாங்குளம் சந்தியில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால், முல்லைத்தீவு வரை சுமார் 50 கிலோமீற்றர். ஆனி மாதம் ஓடிப் பாருங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அதனால் நான் சைக்கிளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுதான் திரும்புவேன்.

விடியமுன் மட்டும் போக வேண்டாம். தேத்தண்ணிக் கடை ஐயா ஒருநாள் மறித்து, "தம்பி, வெளிச்சம் வந்தாப்பிறகு வெளிக்கிடும், ஆனை நிக்கும்" என்றார். அன்று அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனேன். வழியிலுள்ள ஒட்டுசுட்டானுக்கு முன்னால், காட்டு வீதியில் பச்சைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது.

அந்தக் காட்டுத்துண்டுதான் இந்தப் பயணத்தின் உயிர். இரு பக்கமும் பாலை, முதிரை, வீரை மரங்கள். ஏற்றங்கள் சின்னவை, கியர் மாற்றக்கூடத் தேவையில்லை. பாலைப்பழம் விற்றால் கட்டாயம் வாங்குங்கள். பால் உதட்டில் ஒட்டும், பரவாயில்லை.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். முள்ளியவளை தாண்டியதும் காற்றில் உப்பு மணக்கத் தொடங்கும்.