ஓடைக்கு அந்தப் பக்கம்

2 ஜனவரி 2025, வியாழன்

காலையில் ரசீதுக் கட்டைப் பிரிக்கக்கூட விடாமல் எங்கள் நகராட்சிக் கமிஷனர் கூப்பிட்டுவிட்டார். மேஜை மேல் செய்தித்தாள் விரிந்து கிடந்தது. புதிதாக 13 நகராட்சி, 25 பேரூராட்சி என்று வருஷக் கடைசியில் அரசு அறிவித்த பட்டியல். நம்ம ஏற்காடும் பேரூராட்சி ஆகிறதாம். இன்னும் பல ஊர்களில் பக்கத்து ஊராட்சிகளை நகராட்சியோடு சேர்க்கிறார்கள். எங்கள் ஊர் அதில் இல்லை.

"அடுத்த லிஸ்ட்டுக்கு நம்மளக் கேட்டா வெறுங்கையோட நிக்கக் கூடாது. சுத்தி இருக்கிற மூணு ஊராட்சிக்கும் ஒரு குறிப்பு தயார் பண்ணுங்க. எடுத்தா என்ன வரும், என்ன போகும், அவ்வளவுதான்" என்றார்.

பதவிப் பெயர் வருவாய் உதவியாளர். ஊருக்கு நான் பில் கலெக்டர். அந்த மூன்று ஊராட்சியில் ஒன்றில்தான் என் வீடு. அது அவருக்குத் தெரியும். அதனால் கொடுத்தாரா, அதை மறந்து கொடுத்தாரா என்று கேட்கவில்லை.

ஊர்ப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சேலத்துக்கு மேற்கே, தறிச் சத்தம் கேட்கிற ஊர். இந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அந்தத் திசையில் எல்லா ஊரும் அப்படித்தான்.

6 ஜனவரி, திங்கள்

2019 டிசம்பர் தேர்தலில் வந்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் நேற்றோடு முடிந்தது. இன்றிலிருந்து தனி அலுவலர் ஆட்சி, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரின் பிடிஓ ஆபீஸ். எங்கள் கவுன்சில் 2022 பிப்ரவரியில் ஜெயித்து வந்தது. அவர்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. பெண் வீட்டார் வராமலே நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிக்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

காலை ஆறு மணிக்கு ஓடைப் பாலத்தில் போய் நின்றேன். எல்லை அங்கேதான். பாலத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளை எல்இடி விளக்கு, அந்தப் பக்கம் பாதி எரியாத டியூப்லைட்டு. நகராட்சிப் பேட்டரி வண்டி பாலத்தோடு திரும்பிவிடும். வண்டிச் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கத்துப் பெண்கள் கையில் பையோடு ஓடி வருகிறார்கள். வண்டி ஓட்டுகிற அம்மா முதல் நாலு பேரிடம் "உங்க குப்பையை வாங்கக் கூடாதுக்கா, சூப்பர்வைசர் திட்டுவாரு" என்றது. அஞ்சாவது ஆளிடம் வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் எல்லோரிடமும் வாங்கிக்கொண்டது.

பாலத்துக்குக் கீழே எங்கள் நகராட்சியின் சாக்கடை விழுந்து அந்தப் பக்கம் போகிறது. சாயத் தண்ணி வந்தால் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் பச்சை. அவர்கள் குப்பை இங்கே வரக்கூடாது, எங்கள் சாக்கடை அங்கே போகலாம். இதைக் குறிப்பில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

8 ஜனவரி, புதன்

தறிக்கூடங்களைப் பார்க்கப் போனேன். நான் டேப்பை எடுத்ததும் நாலு தறியும் ஒரே நேரத்தில் நின்றது. அந்த அமைதி காதை அடைத்தது.

தறிக்காரர் டீ வாங்கி வரச் சொன்னார். டேப்பின் ஒரு முனையைத் தானே பிடித்தார். ஆனால் கேள்வி மட்டும் நிற்கவில்லை. "இப்ப வீட்டு ரசீதுல ஓடுதுங்க. டவுனுக்குப் போனா இதைத் தொழிற்கூடம்னு போடுவீங்களா?" போடுவோம் என்று சொல்ல வாய் வரவில்லை. "சட்டத்துல அப்படித்தானுங்க இருக்குது" என்றேன். அடுத்தது, "இலவச கரண்ட்டு போயிருமா?" விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அது மின்வாரியக் கணக்கு. ஊராட்சியா நகராட்சியா என்று மீட்டர் பார்க்காது என்றேன். அந்த ஒரு பதிலில்தான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கிளம்பும்போது, "அளந்ததை எழுதிட்டீங்களா?" என்றார். எழுதவில்லை என்றேன். அது பொய்.

11 ஜனவரி, சனி

லீவு நாளில் வீட்டிலேயே கணக்கு. முதல் கணக்கு என் வீட்டுக்குத்தான் போட்டேன்.

ஊராட்சிக்கு வருஷத்துக்கு 187 ரூபாய் கட்டுகிறேன். இதே வீடு நகராட்சிக்குள் போனால், கடைசி மண்டலத்து விகிதம் போட்டாலும் அரையாண்டுக்கு 640 வரும். காலி மனை வரி, குடிநீர்க் கட்டணம், புது இணைப்புக்கு டெபாசிட் எல்லாம் தனி. ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதை நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். 2022 ஏப்ரலில் சொத்துவரி ஏறியபோது 600 சதுர அடிக்குக் கீழே 25 சதவீதம், 1,800-க்கு மேலே 100 சதவீதம் என்று விளக்கிச் சொல்லி வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. இந்தத் தடவை வசவு என் தெருவிலிருந்தே வரும்.

கமிஷனரிடம் மூன்று வழி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

மூன்று ஊராட்சியையும் முழுசாகச் சேர்ப்பது ஒன்று. வரி வரும். ஆனால் மேட்டுக்காட்டுக் குடித்தெருக்களுக்குக் குழாய், ரோடு, விளக்கு, தூய்மைப் பணியாளர் எல்லாம் நம் தலையில்.

இரண்டாவது, நெடுஞ்சாலை ஓரத்துச் சர்வே எண்களை மட்டும் எடுப்பது. லேஅவுட்டுகள், இரண்டு கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், ஒரு நூற்பாலை. இதைத்தான் சேர்மன் ஏற்கெனவே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். கறியை எடுத்துக்கொண்டு எலும்பை ஊராட்சிக்கே விட்டுவிடுவது.

மூன்றாவது, யாரையும் சேர்க்காமல் குப்பைக்கும் தண்ணீருக்கும் ஊராட்சியோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டணம் வாங்குவது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கட்டணம் வாங்கினால் எல்லை பெரிதாகாது, எல்லை பெரிதாகாவிட்டால் நகராட்சியின் கிரேடு ஏறாது.

வேறு நாடுகளில் எந்த உள்ளாட்சிக்கும் சேராத இடங்கள் டவுனை ஒட்டியே கிடக்குமாம், டவுன்காரர்கள் ஓட்டுப்போட்டுச் சேர்த்துக்கொள்வார்களாம். நமக்கு அப்படி வெறும் பூமி கிடையாது. ஓர் ஏக்கரை எடுக்கிறோம் என்றால் இன்னொருவர் கையிலிருந்துதான் எடுக்கிறோம். 1994-ல் சேலம் மாநகராட்சி ஆனபோது சூரமங்கலம் தனி நகராட்சியாக இருந்ததையே எடுத்துக்கொண்டது. இன்று ஜங்ஷனில் இறங்குகிறவரிடம் சூரமங்கலம் வேறு ஊர் என்று சொன்னால் நம்புவாரா?

14 ஜனவரி, பொங்கல்

கணக்கு எழுதவில்லை. அம்மாவுக்கு நவம்பர் கடைசியில் செய்த நூறு நாள் வேலைக் கூலி இன்னும் வரவில்லை. 1,056 கோடி பாக்கி என்று முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருப்பதாகப் பேப்பரில் படித்துக் காட்டினேன். "அதுல என்னுது எவ்வளவு?" என்றது. சட்டத்தில் நாளுக்கு 319 ரூபாய். அம்மா கைக்கு அது முழுசாக வந்த வாரம் குறைவு. ஆனாலும் வீட்டில் அம்மா கையில் தனியாகப் புழங்குகிற பணம் அது ஒன்றுதான்.

20 ஜனவரி, திங்கள்

குறிப்பில் இன்று சிக்கிய இடம் மக்கள்தொகை. கடைசியாக எடுத்த கணக்கு 2011. மானியம் அந்தத் தலைக்கணக்கை வைத்துத்தான் வருகிறது. நெடுஞ்சாலை ஓரத்து லேஅவுட்டுகளில் 2011-ல் வேலிக்காத்தான் மட்டும்தான் குடியிருந்தது. அங்கே வரி உண்டு, கணக்கில் தலை கிடையாது. மேட்டுக்காட்டில் தலை உண்டு, வரி கிடையாது. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதால்தான் ஊராட்சி ஏதோ ஓடுகிறது. லேஅவுட்டைப் பிடுங்கிவிட்டால் மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்குக் கரண்ட் பில் கட்டவே மூச்சுமுட்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கணக்கெடுப்பில் ஒரு கிராமத்தை ஊர்ப்புறமா நகர்ப்புறமா என்று பார்க்க மூன்று சோதனை உண்டு. 5,000 பேர் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் நெருக்கம் வேண்டும், முக்கிய உழைப்பாளிகளான, அதாவது வருஷத்தில் ஆறு மாதமாவது வேலை பார்க்கிற, ஆண்களில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் விவசாயம் அல்லாத வேலை பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் ஆம்பிளைகள் எல்லாம் தறியில். மூன்றாவது சோதனையில் எப்போதும் நகரம்தான்.

பொம்பளைகளை அந்தச் சோதனை கேட்கவே இல்லை. மரவள்ளிக்குக் களை எடுக்கிறவர்கள், ஏரி வரத்துக் கால்வாயில் மண் வெட்டுகிறவர்கள் அவர்கள்தான். அப்பா இருந்தவரை எங்கள் வீடு நகரம், அம்மா மட்டும் கிராமம். சேர்த்துவிட்டால் அம்மாவின் வேலை அட்டை செல்லாது, அது ஊர்ப்புறத்துச் சட்டம். நகர்ப்புற வேலைத்திட்டம் என்று தமிழ்நாட்டில் முன்னோட்டமாக ஒன்று தொடங்கினார்கள், ஆனால் அது கேட்டவருக்கு உரிமை என்று சட்டம் போட்டுக் கொடுத்தது இல்லை. கலைஞர் கனவு இல்லத்தின் 3.5 லட்சமும் கிராமத்துக் குடிசைக்குத்தான். எதிர்வீட்டு அக்கா அதற்கு மனு கொடுத்துக் காத்திருக்கிறது.

இதை எல்லாம் "சமூகத் தாக்கம்" என்று ஒரு பத்தியாக எழுதினேன். மேலாளர் பென்சிலால் சுழித்து, "இது வருவாய்க் குறிப்பு தம்பி" என்றார்.

23 ஜனவரி, வியாழன்

தண்ணீர். நகராட்சிக்கு வருவது மேட்டூர்க் காவிரி. இருக்கிற வார்டுகளுக்கே நாலு நாளைக்கு ஒரு தடவை. அந்தப் பக்கம் ஜல் ஜீவனில் தலைக்கு 55 லிட்டர் என்று பலகை வைத்திருக்கிறார்கள், பாதி போர் தண்ணி. சேர்த்துக்கொண்டால் நம் பங்கு கூடுமா என்று இன்ஜினியரிடம் கேட்டேன். குடிநீர் வாரியம் தனியாகத் திட்டம் போட்டால் கூடும், அதற்கு வருஷக்கணக்கில் ஆகும் என்றார். வரி நோட்டீஸ் மட்டும் அடுத்த அரையாண்டிலேயே அடித்துவிடலாம்.

அம்மாவிடம் சும்மா சொல்லிப் பார்த்தேன். முறத்தில் இருந்து கண்ணை எடுக்காமல், "தண்ணியக் குடுத்துப்போட்டுப் பேரை எடுத்துக்கச் சொல்லு கண்ணு" என்றது. குறிப்பில் என் பரிந்துரையை அப்படியே திருத்தினேன். ஆபீஸ் தமிழில்: "அடிப்படை வசதிகளுக்கான நிதி ஒப்பளிப்பு பெறப்பட்ட பின்னரே எல்லை விரிவாக்கம் பரிசீலிக்கப்படலாம், இடைக்காலமாகக் கட்டண அடிப்படையில் சேவை வழங்கலாம், பகுதியளவில் சேர்ப்பது உகந்ததல்ல."

26 ஜனவரி, ஞாயிறு

கிராம சபை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். ஊழியனாகப் போவதா, ஊர்க்காரனாகப் போவதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். "அளக்க வந்தவரே வந்திருக்காரு, அவரையே கேளுங்க!" தறிக்காரர்தான். டீ வாங்கிக் கொடுத்தவர்.

பெரும்பாலும் பொம்பளைகள்தான் பேசினார்கள். நூறு நாள் வேலை போகும், வீட்டு வரி ஏறும். இரண்டும் சரி. பட்டாவை நகராட்சி எடுத்துக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னார், அது தவறு. எழுந்து சொன்னேன், யாரும் கேட்கவில்லை. லேஅவுட்டிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மட்டும் சேர்க்க வேண்டும் என்றார். அவர் தெருவில் சாக்கடையே இல்லை, செப்டிக் டேங்க் நிரம்பி மழைக்கு வாசலில் வழிகிறது, வீடு வாங்கும்போது டவுன் என்று சொல்லித்தான் விற்றார்கள். அவர் பேச்சுக்குச் சத்தம் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்னதும் நிஜம்தானே.

சேர்க்கக் கூடாது என்று தீர்மானம். ஊராட்சிச் செயலர் நோட்டை நீட்டினார். அம்மா எனக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டது. என் முறை வந்தபோது பேனாவைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டேன். அம்மா பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை, வீடு வரும் வரைக்கும்.

30 ஜனவரி, வியாழன்

கவுன்சில் கூட்டம். பதினெட்டாவது அஜெண்டா. அதற்கு வரும்போது மணி ஒன்றரை, பாதிப் பேர் தட்டுவடை செட் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். எல்லை ஓரத்து வார்டு கவுன்சிலர், வார்டு மறுவரையறை வந்தால் தன் வார்டு பெண்கள் வார்டாக மாறிவிடும் என்று கவலைப்பட்டார். சேர்மன் இரண்டாவது வழியை எடுத்தார். நூற்பாலை, மண்டபம், பங்க், இவை மட்டும் போதும் என்றார். மேட்டுக்காடு என்று யார் வாயிலும் வரவில்லை.

ஒரே ஒரு கேள்வி கேட்டது பழைய கவுன்சிலர் ஒருவர், மூன்று முறை ஜெயித்தவர். "அந்தப் பக்கத்தை நாம எடுத்தா, பாலத்துக்குக் கீழ விடற சாக்கடை யாருது?" கமிஷனர் என்னைப் பார்த்தார். அது மட்டும்தான் குறிப்பில் இல்லை. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விட்டது.

"கூடுதல் விவரங்களுடன் அடுத்த கூட்டத்தில் வைக்க" என்று ஒத்திவைத்தார்கள். சாயங்காலம் ஃபைல் திரும்ப என் மேஜைக்கு வந்தது. மேலே ஒரு சீட்டு, கமிஷனர் கையெழுத்து: "ஓடை – நீளம், அகலம், சாக்கடை விழும் இடங்கள். நேரில் அளந்து எழுதவும்."

நாளைக்குக் காலையில் டேப்போடு போக வேண்டும். மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தறிக்காரரைக் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.