பிரேக் பெடலுக்கு ஒரு ரப்பர்

நவம்பர் 18, 2024, திங்கள்

இன்று தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில், தொப்பூர் இறக்கத்தில், இரட்டைப் பாலத்துக்குச் சற்று முன்னால், பிரேக்கில் கால் வழுக்கியது. செருப்பின் ஓரம் மட்டும்தான் பெடலில் நின்றது. முன்னால் டாரஸ் லாரி, பின்னால் ஐயப்ப பக்தர்கள் வந்த பஸ். இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்ததால் வண்டி பாயவில்லை. அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவளுக்குத் தெரியாது.

சேலம் ஆஸ்பத்திரியில் அம்மாவைக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு உள்ளே அனுப்பிவிட்டு வந்து குனிந்து பார்த்தேன். பிரேக் ரப்பரில் வரி என்று ஒன்றுமே இல்லை. வலது ஓரம் மழமழவென்று தேய்ந்து, மூலையில் இரும்பு தெரிகிறது. கிளட்ச் ரப்பர் நடுவில் குழிந்திருக்கிறது. ஓசூரில் இந்த வண்டியை விற்றவர் எப்போதும் பிரேக்கின் வலது ஓரத்தையே மிதித்திருக்கிறார் போல. அவர் முகம்கூட நினைவில்லை. அவர் கால் பதிந்த இடத்தில்தான் தினமும் என் காலை வைக்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

அம்மா குளித்துவிட்டு வந்ததும், கதிர்வீச்சுக்காக அவள் தோலில் போட்டிருந்த மார்க்கைப் பார்த்தேன். அழியவில்லை.

நவம்பர் 20, புதன்

தம்பியிடம் போனில் சொன்னேன். பெடல் கவர் செட் ஒன்றைப் பெங்களூரிலிருந்து உடனே ஆர்டர் போட்டுவிட்டான். எல்லா வண்டிக்கும் பொருந்துமாம். "அலுமினியம்கா, மேல ரப்பர் புள்ளி வெச்சிருக்கும், வழுக்கவே வழுக்காது." அவனால் லீவு போட முடியவில்லை, அதனால் பொருளாக எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கிறான். போன வாரம் தலையணை.

இன்று செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஓட்டினேன். பாதத்துக்குப் பெடல் நன்றாகத் தெரிகிறது. ஆனால் பாளையம் சுங்கச்சாவடி வருவதற்குள் குதிகால் வலி எடுத்துவிட்டது.

நவம்பர் 22, வெள்ளி

செட் வந்துவிட்டது. மூன்று தகடு, ஒரு பொட்டலம் கிளிப்பும் போல்ட்டும், ஒரு சின்ன ஆலன் கீ. எப்படி மாட்டுவது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள். முழுதாக இரண்டு.

நவம்பர் 23, சனி

இன்றும் நாளையும் ஆஸ்பத்திரியில் மிஷின் கிடையாது. காலையிலேயே டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, வாசல் பக்கம் முட்டி போட்டுத் தலையை உள்ளே விட்டேன். டார்ச்சை வாயில் கவ்வினால்தான் இரண்டு கையும் மிஞ்சுகிறது.

கிளட்ச்சில் ஆரம்பித்தேன். தகட்டைப் பெடல் மேல் வைத்து, பின்பக்கம் கொக்கி போன்ற கிளிப்புகளை ஓரத்தில் மாட்டி, முன்னாலிருந்து போல்ட்டை முறுக்க வேண்டும். பழைய ரப்பரை விட்டுவிட்டு மேலேயே மாட்டினால் தகடு ஆடுகிறது. ரப்பரைக் கழற்றிவிட்டு மாட்டினால் கிளிப்புக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி. பெடல் தகடு மெலிசு, கிளிப்பின் வாய் பெரிசு. சைக்கிள் ட்யூபை வெட்டி நடுவில் கொடுத்து இறுக்கினேன். நின்றது. கையால் பெடலைத் தரை வரைக்கும் அழுத்திப் பார்த்தேன். கடைசியில் "டக்" என்று ஒரு சத்தம். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் தரை விரிப்பில் போய் இடிக்கிறது. கிளட்ச் முழுசாக இறங்காவிட்டால் கியர் மாற்றும்போது கரகரவென்று அரைக்கும். அந்த இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது கியர் விழவில்லை என்றால்?

அடுத்து பிரேக். இங்கே சிக்கல் வேறு. தகடு பெடலைவிட ஒரு விரல் அகலம், ஆக்ஸிலேட்டர் பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. இன்ஜின் ஓடாதபோது ஷூ போட்ட காலால் மிதித்துப் பார்த்தேன். பிரேக்கை அழுத்தினால் ஷூவின் ஓரம் ஆக்ஸிலேட்டரையும் தொடுகிறது. இடது பக்கம் தள்ளி மாட்டினால் ஒரு கிளிப்புக்குப் பிடிமானம் போய்விடுகிறது.

ஆக்ஸிலேட்டர் பெடல் பிளாஸ்டிக். அதை இறுக்கினால் விரிசல் விடும். அதற்கு உண்டான தகட்டைத் தொடவே இல்லை.

மத்தியானம் அம்மா வெளியே வந்து, "எதுக்குப் பாப்பா வெயில்ல கிடக்கற, இருக்கறது போதாதா?" என்றாள். போதாது அம்மா.

நவம்பர் 24, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. மனம் அந்த இறக்கத்திலேயே நிற்கிறது. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போதுதான் பள்ளம், வரும்போது ஏற்றம். அதாவது அம்மாவை அழைத்துப் போகும் ஒவ்வொரு காலையும் இறக்கம். மெதுவாகப் போங்கள், குறைந்த கியரில் போங்கள் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறார்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற லாரிகள் கேட்பதில்லை. நியூட்ரலில் இன்ஜினின் பிடி போய்விடுகிறது, முழுப் பாரமும் பிரேக்குக்கு வருகிறது. தொடர்ந்து மிதிக்க மிதிக்கச் சூடேறி, ஒரு கட்டத்தில் பிரேக்கே பிடிக்காது. இந்த ஜனவரியில் அதே பாலத்தில் நடந்த விபத்தைச் செய்தியில் எல்லோரும் பார்த்தோம்.

நான் கியரில்தான் இறங்குகிறேன். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. கால் அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. உள்ளங்கை அகல ரப்பர். அதற்கு இவ்வளவு பாடா?

நவம்பர் 25, திங்கள்

தகடு இரண்டையும் விடிவதற்குள் கழற்றிவிட்டு, பழைய ரப்பரிலேயே போனேன். ஷூவின் அடியைத் துணியால் துடைத்துவிட்டு ஏறினேன். அம்மாவுக்குத் தோள் பக்கம் தோல் கருக்க ஆரம்பித்திருக்கிறது. எண்ணெய் எதுவும் தடவக் கூடாதாம். எரிகிறது என்று அவள் சொல்வதில்லை, புடவைத் தலைப்பை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே வருகிறாள்.

நவம்பர் 26, செவ்வாய்

பென்னாகரம் ரோட்டு மெக்கானிக் அண்ணன் தகட்டைக் கையில் வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது போட்டோ புடிக்கத்தான் நல்லாருக்கும்கா. ஈரக் காலு வெச்சா இந்த அலுமினியம் இன்னும் வழுக்கும். கம்பெனி ரப்பரே போடுங்க." வண்டியின் மாடலையும் வருஷத்தையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். நேதாஜி பைபாஸ் ரோட்டில் கடை கடையாக ஏறினேன். ஒரு கடையில் கிளட்ச் ரப்பர் இருந்தது, பிரேக் இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டேன். பக்கத்தில் வைத்துக் காட்டினார். சில வண்டிக்கு ஒன்றாக இருக்குமாம், இதற்குப் பிரேக் அகலம்.

தம்பிக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவன் அனுப்பியதைப் பரண்மேல் போட மனசில்லை. கிளிப்புக்கும் பெடலுக்கும் நடுவே விழும் அந்த இடைவெளியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் போன் செய்து, "சரிக்கா, அந்த ரப்பர் இங்க கிடைக்குதான்னு பாக்கறேன்" என்றான். குரல் உடைந்திருந்தது. ரப்பருக்காக இல்லை.

நவம்பர் 28, வியாழன்

பிரேக் ரப்பர் கிடைத்தது! கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடையில். மெக்கானிக் அண்ணன் யாரிடமோ சொல்லி பஸ்ஸில் போட்டு அனுப்பச் செய்தார். புத்தம்புது ரப்பர், கட்டம் கட்டமாக ஆழமான வரி.

நவம்பர் 30, சனி

புது ரப்பரை வெறும் கையால் மாட்ட முடியாது. இரும்பின் நான்கு ஓரத்தையும் அதன் உதடு சுற்றிக் கவ்வ வேண்டும். கொதித்து இறக்கிய தண்ணீரில் சற்று நேரம் போட்டு வைத்தேன், இளகியது. முதலில் மேல் ஓரத்தைக் கவ்வவிட்டு, ஒரு கையால் அழுத்திப் பிடித்து, கரண்டிக் காம்பால் பக்கவாட்டு உதட்டை நெம்பிக்கொண்டே வந்தேன். ஸ்க்ரூடிரைவர் கூர் கிழித்துவிடும். எண்ணெயோ கிரீஸோ தொடவில்லை. அது உள்ளே தங்கினால் ரப்பர் சுழலும், ஊறி உப்பியும் போகும். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் மட்டும். மூன்று ஓரம் உட்கார்ந்துவிட்டது. கீழ் வலது மூலை மட்டும் வெளியே பிதுங்கி நிற்கிறது. உள்ளே தள்ளினால் மேல் ஓரம் கழன்று வருகிறது. நகம் பிய்ந்து ரத்தம். அம்மா மஞ்சளோடு வந்து நின்றாள். அவள் எனக்கு மருந்து போடுகிறாள்!

ராத்திரி புதுச்சேரி பக்கம் புயல் கரையைக் கடக்கிறது. ஃபெஞ்சல் என்று பெயர்.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை. மூலை உட்கார்ந்துவிட்டது. வெந்நீரில் நனைத்த துணியை அந்த மூலையில் சுற்றி வைத்திருந்து, கட்டைவிரலால் ஒரே அழுத்து. இன்ஜினை ஓடவிட்டு முழு பலத்தோடு மிதித்தேன். கால் அசையவில்லை. ஷூவை நனைத்துக்கொண்டும் மிதித்தேன். அசையவில்லை!

டிசம்பர் 2, திங்கள்

போகவில்லை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போவதைப் பக்கத்து வீட்டு அக்கா போனில் காட்டினார். ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். ஒருநாள் விட்டால் கடைசியில் சேர்த்துக் கொடுத்துவிடுவார்களாம். நல்லதுதான். ஆனாலும் ஒருநாள் போய்விட்டது.

அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "ரோடு எப்படி இருக்கும் பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வழியில் அவள் கண்ணை மூடிக்கொள்வது தூக்கத்தில் இல்லை என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

போய் வந்தோம். இறக்கத்தில் மண் கலந்த தண்ணீர், ரோட்டைக் குறுக்கே அறுத்து ஓடியது. ரப்பர் காலைப் பிடித்துக்கொண்டது. ஒலிபெருக்கிக் குரல் கேட்கும் வரைக்கும் நான் மூச்சு விட்ட மாதிரி இல்லை. ஆனால் கிளட்ச் ரப்பர் இன்னும் பழசுதான், ஒப்பிடும்போது இடது கால் அந்நியமாக இருக்கிறது.

டிசம்பர் 4, புதன்

இன்று பார்த்தால் கீழ் வலது மூலை நூலளவு வெளியே வந்திருக்கிறது. விரலால் தள்ளினால் உள்ளே போகிறது, மிதித்தால் மறுபடி எட்டிப் பார்க்கிறது. அண்ணனிடம் காட்டினேன். அவர் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, இரும்பின் அந்த மூலை கொஞ்சம் வளைந்திருக்கிறது, பழைய ஆள் மிதித்த மிதி என்றார். நாளை சாயங்காலம் கழற்றி, தட்டி நேராக்கி, திரும்ப மாட்டித் தருகிறாராம்.

நாளை காலை இறக்கம் இருக்கிறதே, அண்ணா.