கேன்சர் நர்ஸ் டிரெயினிங்: ரிப்போர்ட்டையும் பாக்கணும், ஆளோட தொழிலையும் கேக்கணும்

நாகர்கோவில் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில கீமோ வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். ஆளுக்கேத்த கேன்சர் சிகிச்சைக்குனு நர்ஸுகளுக்கு நடத்துன டிரெயினிங்க முடிச்சிட்டு வந்துருக்கேன், அடுத்து போகப்போற பிள்ளைங்க எப்படி இருந்துச்சுனு கேட்டுட்டே இருக்காவ, அதான் எழுதுறேன்.

ஆரம்பத்துல பூரா ரிப்போர்ட் வாசிக்கப் படிச்சதுதான். மார்புக் கேன்சர்ல ஹெர்-2ங்குற புரதம் கேன்சர் செல்லுல எவ்வளவு இருக்குனு ஸ்கோர் போடுவாவ, 3 பிளஸ்னா பாசிட்டிவ், 2 பிளஸ்னா ஃபிஷ்ங்குற ஜீன் டெஸ்ட் பாத்துதான் முடிவு. இந்த டெஸ்டுகளுக்கு பயாப்சி துண்டை, அதாவது கட்டில இருந்து எடுத்த சதைத் துண்டை, ஒரு மணி நேரத்துக்குள்ள அது கெடாம வைக்கிற ஃபார்மலின் திரவத்துல போடணும், 6ல இருந்து 72 மணி நேரம் வரை ஊறணும், எடுத்த நேரமும் போட்ட நேரமும் எழுதணும். இதுல பிசகுனா ரிப்போர்ட்டே தப்பா வரலாம், அப்புறம் ஹெர்-2 பாசிட்டிவுக்குக் குடுக்குற ட்ராஸ்டுசுமாப் மருந்து தேவைப்படுற ஒருத்தருக்கு அது கிடைக்காமலே போயிரும். இவ்வளவும் நம்ம கையிலயா இருக்குனு அன்னைக்கு வெப்ராளமாவே இருந்துச்சு.

ரொம்ப கஷ்டமான பாடம் சைட் எஃபெக்ட். வயித்துப்போக்குனு யாராவது சொன்னா முதல்ல எந்த மருந்துனு பாக்கணும். இரினோடெகான்ங்குற கீமோ மருந்து ஏறும்போதே வந்தா டாக்டர் அட்ரோபின் எழுதுவாவ, ரெண்டு மூணு நாள் கழிச்சு வந்தா வயித்துப்போக்க நிறுத்துற லோபெரமைட் மாத்திரை. அதே இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்திய தூண்டி விடுற சிகிச்சை, எடுக்குறவங்களுக்கு வந்தா குடல் அழற்சியா இருக்கலாம், ஸ்டீராய்டு தேவைப்படலாம், அதனால மாத்திரை போட்டு அடக்காம உடனே டாக்டர்ட்ட சொல்லணும்.

கேஸ் டிஸ்கஷன்ல நம்ம ஊர் ஆளுகளத்தான் நான் சொன்னேன். கடப்புறத்துல மீன் விக்குற அம்மாவுக்கு ஆக்ஸாலிபிளாட்டின்ங்குற கீமோ மருந்து போட்டா ஐஸைத் தொட்டாலே கை மரத்து ஊசி குத்துற மாதிரி இருக்கும், ஐஸ் இல்லாம அவங்களுக்கு பொழப்பும் இல்ல. குலசேகரத்துல ரப்பர் பால் வெட்டுற அண்ணனுக்கு கேபிசிடபின்ங்குற கீமோ மாத்திரை குடுத்தா உள்ளங்கை செவந்து வெடிக்கலாம், அதுவும் சாப்பிட்டு அரைமணி நேரத்துக்குள்ள போட வேண்டிய மாத்திரை, அவரு விடியக்காலமே வெறும் வயித்தோட தோட்டத்துக்குப் போயிருவாரு, அப்போ மாத்திரை நேரத்த டாக்டர்ட்ட பேசி அவருக்கு ஒத்து வர்ற மாதிரி மாத்தணும். ஜீன் டெஸ்ட் எவ்வளவு துல்லியமா இருந்தாலும் இதெல்லாம் அதுல வராது, நர்ஸ் வாய்விட்டுக் கேட்டாதான் வரும். இத டிரெயினிங்ல இன்னும் அதிகமா சொல்லிக் குடுக்கணும்ங்குறது என் அபிப்பிராயம்.

கடைசில எழுத்துப் பரீட்சையும், பேஷண்ட்கிட்ட பேசிக் காட்டுறதும் இருந்துச்சு. போறவங்க மருந்துப் பேருகள முன்னாடியே ஒரு தடவ பாத்துட்டுப் போங்க, கிளாஸ் வேகமா போகும். இப்ப எங்க வார்டு அட்மிஷன் ஷீட்ல பேருக்கு அடுத்த வரியிலயே தொழில் என்ன, காலைல எத்தன மணிக்கு சாப்பிடுவாங்கனு எழுதுறோம்.