பருவுக்கு வைத்த பொட்டு

பருவுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஜெல் டியூபைத் திறந்த முதல் ராத்திரியே சொதப்பினேன். கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தில் ஏழு, தாடையில் நாலு, நெற்றியில் இரண்டு என்று எண்ணி, ஒவ்வொரு பருவின் தலையிலும் பொட்டு வைப்பதுபோல ஜெல்லை வைத்தேன். தாராளமாகவே வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் அந்தப் பதின்மூன்று இடமும் சிவந்து, தோல் செதில் செதிலாகக் கிளம்பி, முகம் கழுவினால் தண்ணீர் பட்டே எரிந்தது. பரு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மருத்துவர் சொல்லாமல் இல்லை. "பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவணும், பருமேல மட்டும் வைக்காதீங்க" என்று தெளிவாகச் சொன்னார். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. பரு இருக்கும் இடத்தில்தானே மருந்து வைக்க வேண்டும்?

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. "வயசுப் பரு, தானா போயிடும்" என்று கேட்டுக் கேட்டே பத்து வருடம் ஓடியிருந்தது. இடையில் யாரோ சொன்னதைக் கேட்டு க்ளின்டாமைசின் ஜெல்லை நானாக வாங்கித் தடவியதும் உண்டு. முதல் சில வாரம் நன்றாகக் கேட்டது, பிறகு சுத்தமாகக் கேட்கவில்லை. இதைச் சொன்னதும் மருத்துவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அது ஆன்டிபயாடிக், தனியாகத் தடவிக்கொண்டே இருந்தால் கிருமி பழகிவிடும், அதனால்தான் அதைக் கொடுத்தாலும் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே கொடுப்போம் என்றார். எனக்கு எழுதியது வேறு கூட்டு: அடாபலீன் 0.1 சதவீதம், பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், இரண்டும் ஒரே ஜெல்லில். எழுதும் முன் கேட்ட முதல் கேள்வி, கர்ப்பமாக இருக்கிறீர்களா, அப்படி ஏதும் திட்டம் இருக்கிறதா என்பது. இருந்திருந்தால் அடாபலீன் கொடுத்திருக்க மாட்டாராம்.

எரிச்சல் தாங்காமல் திரும்பப் போனபோதுதான் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். தோலில் ஒரு குழி, அடியில் எண்ணெய்ச் சுரப்பி, குழியின் வாயில் உதிராமல் ஒட்டிக்கொண்ட செத்த தோல் செல்கள். குழி அடைத்துக்கொள்கிறது, உள்ளே எண்ணெய் தேங்குகிறது, அதில் கிருமி பெருகுகிறது, வீக்கம் வருகிறது. "இன்னிக்குக் கண்ணாடியில தெரியுற பரு, பல வாரத்துக்கு முன்னாடியே உள்ள ஆரம்பிச்சாச்சு. இப்ப ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியுற இடத்துல அடுத்த மாசத்துப் பரு இருக்கு" என்றார். அடாபலீன் அந்த அடைப்பையே உருவாக விடாது. பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்லும். ஆக்சிஜனேற்றத்தால் கொல்வதால் கிருமி அதற்குப் பழகுவதில்லை. அடாபலீனுக்கு உறவுக்கார மருந்தான ட்ரெட்டினாயின், பழைய வடிவங்களில் பென்சாயில் பெராக்சைடோடு சேர்ந்தால் சிதைந்துபோகும், அடாபலீன் தாக்குப்பிடிக்கும் என்பது கூடுதல் தகவல். எனக்கு அந்தப் படம் போதுமானதாக இருந்தது. நான் பொட்டு வைத்ததெல்லாம் போன மாதத்துப் பருவுக்கு!

ஐந்து நாள் ஜெல்லை நிறுத்திவிட்டு வெறும் மாய்ஸ்சரைசர். அப்புறம் அவர் சொன்னபடி ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி. மென்மையான ஃபேஸ்வாஷில் கழுவி, துடைத்து, முகம் நன்றாகக் காயும்வரை இருபது நிமிடம் காத்திருப்பேன். ஈரத்தில் தடவினால் எரிச்சல் கூடலாம். பிறகு மெல்லிசாக மாய்ஸ்சரைசர், அதன்மேல் பட்டாணி அளவு ஜெல்லை நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து புள்ளியாக வைத்து இழுத்துவிடுவது. கண்ணோரமும் உதட்டோரமும் தொடக்கூடாது. மூக்கு மடிப்பை நான் தொடவே இல்லை, ஆனாலும் ஜெல் நகர்ந்து வந்து அங்கே வெடிப்பு விட்டது. அதன்பிறகு தடவும் முன் மூக்கோரத்தில் கொஞ்சம் வாசலினை வேலிபோலப் பூசிவிடுவேன். நாலாவது வாரத்தில்தான் தினமும் என்றானது.

மூன்றாவது வாரத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாகக் கிளம்பியது. அக்கா பார்த்துவிட்டு, "ஏன்டி, மருந்து போடப் போட அதிகமாயிட்டே போகுதே, காசைக் கொடுத்து வாங்கிக்கிட்டியா?" என்றாள். பாதிப் பேர் டியூபைத் தூக்கிப் போடுவது இந்த வாரத்தில்தான் இருக்கும். நானும் போட்டிருப்பேன். தொடக்கத்தில் கொஞ்சம் கூடலாம், பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் தப்பித்தேன். வறட்சி, சிவப்பு, லேசான எரிச்சல் எல்லாம் எதிர்பார்த்ததுதான். முகம் வீங்கினாலோ தடிப்பு தடிப்பாக எழும்பினாலோ மட்டும் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு ஓடிவரச் சொல்லியிருந்தார். எனக்கு அப்படி வரவில்லை.

ஐந்தாவது வாரத்தில் வந்தது வேறு வினை. வழக்கம்போல மேலுதட்டுக்கு வேக்ஸிங் செய்துகொண்டேன். முடியோடு தோலும் வந்துவிட்டது. இந்த ஜெல் போடும் இடத்தில் வேக்ஸிங் கூடாது என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் அச்சடித்தே இருந்தது. அந்தத் தாளை யார் பிரித்துப் படிக்கிறோம்? அதே தாளில்தான் துணி வெளுக்கும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. அதைப் படிப்பதற்குள் அம்மாவின் மெரூன் நிறத் துண்டில் ஆரஞ்சுத் திட்டுகள் வந்தாகிவிட்டது. சோப்பு மாற்றினாள், வாஷிங் மெஷினைத் திட்டினாள், கடைசியில் திட்டுகள் என் முகத்தின் அளவுக்கு இருப்பதைக் கண்டுபிடித்தாள். தலையணை உறை, நீல டீ-ஷர்ட்டின் கழுத்து எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தன. இப்போது வெள்ளை உறைதான்.

முன்னேற்றத்தைக் கண்ணுக்கு முன்னால் விரல்தான் கண்டுபிடித்தது. எட்டாவது வாரம் ஒரு காலை முகம் கழுவும்போது நெற்றி வழவழவென்று இருந்தது. மணல் மாதிரி நறநறவென்ற அந்தத் தடிப்பு இல்லை. ஞாயிறுதோறும் ஒரே ஜன்னலருகில் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தபோதுதான் நம்பினேன். பன்னிரண்டாவது வாரத்தில் எண்ணினால் மூன்று. பழுப்புத் தழும்புகள் அப்படியேதான் இருந்தன. அவை பரு அல்ல, பரு விட்டுப்போன நிறம். மங்குவதற்கு மாதங்கள் ஆகும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனைத் தினமும் காலையில் போட ஆரம்பித்தது பாதி, மருந்தால் வெயில் தாங்காமல் போன தோலுக்காக, பாதி இந்தத் தழும்புகளுக்காக.

ஆறாம் மாதம் முகம் சுத்தமாக இருந்தது. இனி எதற்கு என்று நானே நிறுத்தினேன். ஆறு வாரம் கழித்துத் தாடையில் இரண்டு. படத்தைப் போட்டுக் காட்டியும் புரியவில்லையா என்பதுபோல மருத்துவர் ஒரு பார்வை பார்த்தார். இப்போது வாரத்துக்கு மூன்று ராத்திரி தடவுகிறேன், பரு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முகம் முழுக்க.

அந்த மெரூன் துண்டை அம்மா தூக்கிப் போடவில்லை. கொடியின் ஓரத்தில் தனியாகத் தொங்குகிறது. அதை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாதாம்.