சுகரும் 21 கிலோமீட்டரும்

எனக்கு டைப் 1 சுகர், அதாவது உடம்பு இன்சுலின் சுரக்காது, ஊசிதான். 21 கிலோமீட்டர் ஹாஃப் மாரத்தான் ஓடப் போறேன்னதும் அம்மா "ஒனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேலை"ன்னாங்க. ஸ்டீவ் ரெட்கிரேவ்னு ஒரு துடுப்புப் படகு வீரர், 1997ல சுகர்னு தெரிஞ்சும் 2000 சிட்னி ஒலிம்பிக்ல அஞ்சாவது தங்கம் வாங்குனாரு (அவருக்கு டைப் 2, அத நான் சொல்லல), அந்தக் கதைய சொல்லி சமாளிச்சேன்.

முதல் லாங் ரன்ல நாலு இட்லி, அதுக்கு வழக்கமான ஃபுல் டோஸ், ஒரு மணி நேரத்துல பெசன்ட் நகர் பீச்ல ஓட்டம். இன்சுலின் உச்சத்துல இருக்கறப்ப ஓடுற தசையும் தன் பங்குக்கு சர்க்கரைய இழுக்கும், ரெண்டும் சேர்ந்தா அவ்ளோதான், 7வது கிலோமீட்டர்ல கை நடுங்குது, வேர்க்குறது வெயிலாலயா லோ சுகராலயான்னே புரியல, விரல்ல குத்திப் பாத்தா சுகர் 54. நல்லவேளை பாக்கெட்ல குளுக்கோஸ் பொடி.

இப்பல்லாம் விடியக்காலை வெறும் வயித்துல, சுகர் 130க்கு மேல இருந்தாதான் ஸ்டார்ட், அரை மணிக்கொருக்கா மூணு பேரீச்சம்பழம். கையில ஒட்டுற சென்சார் நல்லதுதான், ஆனா சுகர் வேகமா இறங்குறப்ப அது சில நிமிஷம் லேட்டாதான் சொல்லும். கடைசில ஸ்பிரின்ட் அடிச்சா அட்ரினலின்ல சுகர் ஏறும், பயந்து ஊசி போட்டா தொலைஞ்சோம்.

உண்மையான வில்லன் ராத்திரிதான். ஓட்டத்துல காலியான கிளைகோஜன, அதாவது தனக்குள்ள சேமிச்சு வெச்சிருந்த சர்க்கரைய, தசை ரத்தத்துலேர்ந்து இழுத்து நிரப்பிட்டே இருக்கும், தூக்கத்துல லோ ஆகும். டாக்டர் லாங் ரன் அன்னைக்கு மட்டும் பேசல் டோஸ (நாள் முழுக்க மெதுவா வேலை செய்யற இன்சுலின்) 20% குறைக்கச் சொன்னாரு. ரெண்டு மணிக்கு அலாரம் வெக்கிறது நான், எழுந்திரிக்கிறது அம்மா.