ஏ.சி. ஒயரிங்: எம்.சி.பி. கண்ணில் படாத இடங்கள்

ஏ.சி. பொருத்தப் போகிறோம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். ஒயர் எத்தனை சதுர மி.மீ.? எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே ‘ட்ரிப்’ ஆகி, அதாவது விழுந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) எத்தனை ஆம்பியர்? இரண்டுமே சரியாக இருக்க வேண்டியவைதான். ஆனால் கருகிப்போன பாயிண்ட்டுகளைத் திறந்து பார்த்தால் ஒயர் நடுவில் எரிந்திருப்பது அபூர்வம். சாக்கெட்டின் ஒரு ஓட்டை, ஒரு ஸ்க்ரூவின் அடி, டேப் சுற்றி மறைத்த ஒரு ஜாயின்ட் என்று ஒயர் முடிகிற இடத்தில்தான் கரி இருக்கும். அதனால் இந்த வேலையில் எங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் முனைகளுக்கே போகிறது. இங்கே வரும் எண்கள் எல்லாம் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸுக்கானவை. போர்டைத் திறக்கும் வேலையை அந்தந்த ஊர் விதிப்படி உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் தெரிந்துவைத்துக் கொண்டால் எதைக் கேட்டு வாங்குவது என்று புரியும்.

தொடக்கம் பெட்டியில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டிலிருந்து. டன் என்பது வெப்பத்தை வெளியே தள்ளும் திறன். இழுக்கிற மின்சாரம் வேறு. 1 டன் என்றால் 3.517 கிலோவாட் வெப்பம். 1.5 டன் மெஷின் 5.3 கிலோவாட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்ற ஏறக்குறைய 1.5 முதல் 1.8 கிலோவாட் மின்சாரம் இழுக்கும், அதாவது 7, 8 ஆம்பியர். தகட்டில் சாதாரண மின்னோட்டம், அதிகபட்ச மின்னோட்டம் என்று இரண்டு எண்கள் இருந்தால் கணக்குக்கு எடுக்க வேண்டியது பெரிய எண்ணை. கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் மெஷின்களில் இரண்டுக்கும் இடைவெளி நன்றாகவே இருக்கும்.

அடுத்து ஒயர். 70 டிகிரி பி.வி.சி. உறை போட்ட 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், கன்ட்யூட் பைப்புக்குள் தனியாக ஓடினால், 30 டிகிரி சூழலில் 24 ஆம்பியர் தாங்கும் என்பது சர்வதேச அட்டவணை. 4 சதுர மி.மீ. என்றால் 32 ஆம்பியர். பார்க்கத் தாராளமாகத் தெரியும். சூழல் 40 டிகிரி ஆனால் 0.87 ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் மூன்று சர்க்யூட் ஓடினால் மறுபடியும் 0.7 ஆல். இப்போது 2.5-இன் கணக்கு 14.6 ஆம்பியருக்கு இறங்கிவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால்கூட ஒயர்தான் பலவீனமான பக்கம். 4-க்கு 19.5 வரும். 1.5 டன்னுக்கு 4 சதுர மி.மீ. கேட்பதற்குக் காரணம் இதுதான். ஏ.சி.க்குத் தனிப் பைப்பு கிடைத்து, தூரமும் குறைவு என்றால் 1 டன்னுக்கு 2.5 போதும்.

எம்.சி.பி. காப்பது ஒயரை; மெஷினை அல்ல. ஒயர் தாங்குவதைவிடப் பெரிய எம்.சி.பி. எந்தக் காரணத்துக்கும் கூடாது. இன்வெர்ட்டர் இல்லாத கம்ப்ரசர் கிளம்பும்போது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். 8 ஆம்பியர் மெஷின் 50-ஐத் தொடும். ‘பி’ வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. 48-க்கும் 80-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் உடனே ட்ரிப் ஆகலாம். ‘சி’ வகையில் அந்த எல்லை 80 முதல் 160. வீண் ட்ரிப்புக்குத் தீர்வு ‘சி’ வகை. 16-ஐக் கழற்றிவிட்டு 32 மாட்டுவது தீர்வாகாது, ஆனால் நடைமுறையில் அதிகம் காண்பது அதைத்தான்.

எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டியான டி.பி.யிலிருந்து ஏ.சி. பாயிண்ட் வரை ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் தனியாக, நடுவில் ஒட்டில்லாமல் வர வேண்டும். நியூட்ரலைப் பக்கத்து லைட் சர்க்யூட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஏ.சி.யின் 8 ஆம்பியர் சேர்ந்தால் அந்த மெல்லிய நியூட்ரல் சூடாகும். அதன் வழியில் எம்.சி.பி. எதுவும் இல்லை, கேட்பாரில்லை.

இப்போது முனைகள். லூஸான ஒரு ஸ்க்ரூவின் கீழ் 0.3 ஓம் எதிர்ப்பு உருவாகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 8 ஆம்பியரை 8-ஆல் பெருக்கி 0.3-ஆல் பெருக்கினால் 19 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் உமிழும் சூடு அது, பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள், மணிக்கணக்கில். அங்கே தொலைவது 2.4 வோல்ட் மட்டும் என்பதால் ஏ.சி.க்கு ஒன்றும் தெரியாது, குளிர் நன்றாக வரும். எம்.சி.பி.யைப் பொறுத்தவரை ஓடுவது அதே 8 ஆம்பியர். அது ஏன் ட்ரிப் ஆக வேண்டும்? சூட்டில் செம்பின் மேல் ஆக்சைடு படியும், சாக்கெட்டின் பித்தளைப் பிடி தளரும், எதிர்ப்பு ஏறும், சூடு இன்னும் ஏறும். கடைசியில் வாடை வந்துதான் ஆட்களுக்குத் தெரியும்.

அதனால் முனை போடுவதில் சில பிடிவாதங்கள். பல இழை ஒயரின் நுனியில் ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) போட்டு அதற்கான கருவியால் நசுக்குவது, ஸ்க்ரூவைச் சுற்றி வர வேண்டிய இடத்தில் லக் (ஓட்டையுள்ள உலோக முனை). ஈயம் பூசி முறுக்குவது பார்க்க அழகு. ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நெளிந்து கொடுக்கும், சில மாதத்தில் ஸ்க்ரூ லூஸ். துளைக்குள் போகவில்லை என்று நான்கைந்து இழைகளை வெட்டுவதும் வேண்டாம். அந்த இடத்தில் ஒயர் தன் அளவைவிட மெலிந்துவிடும். உறையை டெர்மினலின் ஆழத்துக்கு மட்டும் உரிக்க வேண்டும். கூட உரித்தால் செம்பு வெளியே நிற்கும். குறைத்து உரித்தால் ஸ்க்ரூ உறையைக் கடித்துக்கொண்டு இறுகியதுபோல ஏமாற்றும். எம்.சி.பி.யின் பக்கவாட்டில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 2-ஐ ஒட்டி. டார்க் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கை உணர்வை நம்பி முடுக்குவதில் ஒன்று லூஸாக நிற்கும் அல்லது மரை போகும். முடுக்கிய பின் ஒவ்வொரு ஒயரையும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயர் வந்து மாட்டினால் நுனியைச் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பிளக், சாக்கெட் என்பதே கூடுதலாக மூன்று ஸ்பிரிங் பிடிகள். மெஷினின் கையேடு அனுமதித்தால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்சிலிருந்து டெர்மினலுக்கு நேராகக் கொடுப்பது எங்கள் விருப்பம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. ஸ்டெபிலைசர் வைத்தால் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இன்னும் சில முனைகள் கூடுகின்றன என்பதை நினைவில் வைத்து அவற்றையும் முடுக்க வேண்டும். மாட்டுகிற ஆள் அதைத் திறப்பதே இல்லை.

இன்டோருக்கும் அவுட்டோருக்கும் இடையில் ஓடும் கேபிள் தனிக் கதை. இன்வெர்ட்டர் இல்லாத மெஷினில் இன்டோரில் இருக்கும் ரிலே கம்ப்ரசருக்கு ஃபேஸை அனுப்பும். பல இன்வெர்ட்டர் மெஷின்களில் ஃபேஸ், நியூட்ரல், சிக்னல், எர்த் என்று கேபிளுக்குள் நான்கு கோர் (உள் ஒயர்). சிக்னலும் ஃபேஸும் இடம் மாறினால் நல்ல காலமாக இருந்தால் எரர் கோடு வரும், இல்லையென்றால் போர்டு போகும். நிறத்தை நம்பாமல் இரண்டு பக்கமும் எண்ணைப் பார்த்து 1-க்கு 1, 2-க்கு 2 என்று மாட்ட வேண்டும். மின்சாரம் முதலில் இன்டோருக்குப் போகிறதா அவுட்டோருக்கா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் படம்தான் சட்டம். கேபிள் நீளம் போதவில்லை என்றால் ஒட்டுப் போடாமல் நீளமானதை வாங்கிவிட வேண்டும். வெளியே ஓடுவதற்குச் சாதாரண பி.வி.சி. உறை வெயிலில் வெடிக்கும். ரப்பர் வகையான பாலிகுளோரோப்ரீன் உறை போட்டதைத்தான் பல கையேடுகள் கேட்கின்றன. கேபிள் கிளாம்ப் வெளி உறையைப் பிடிக்க வேண்டும், உள்ளே இருக்கும் கோர்களை அல்ல. எர்த் கோரை மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக விடுவது நல்ல பழக்கம்: யாராவது கேபிளை இழுத்துப் பிய்த்தாலும் கடைசியில் கழல்வது எர்த்தாக இருக்கும். அவுட்டோருக்குள் நுழையும் முன் கேபிள் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

அவுட்டோர் மூடியைத் திறக்கும் முன் மெயினை அணைத்துப் பூட்டுவதோடு வேலை முடியாது. இன்வெர்ட்டர் போர்டின் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும். லேபிள் சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

எர்த் இருந்தால் ஃபேஸ் பாடியைத் தொட்டதும் எம்.சி.பி. விழுந்துவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. எர்த் பாதை தரையில் புதைத்த கம்பி வழியாகவே திரும்பி, மொத்த எதிர்ப்பு 5 ஓம் என்றால் ஓடுவது 46 ஆம்பியர். 20 ஆம்பியர் ‘சி’ வகை உடனே விழ 100-க்கு மேல் வேண்டும், நிச்சயமாக விழ 200. 46 ஆம்பியரில் அது சூடாகித்தான் விழும், பல நொடி ஆகலாம். அதுவரை அவுட்டோரின் தகர உடம்பில் ஆபத்தான வோல்டேஜ் நிற்கும். இந்த ஓட்டையை அடைப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஃபேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுதாகத் திரும்பாமல் கசிந்தால் துண்டிக்கும் கருவி; கசிவு அந்த அளவைத் தொட்டால் 0.3 நொடிக்குள் விழ வேண்டும். வாங்கும்போது ‘ஏ’ வகை என்று கேளுங்கள். இன்வெர்ட்டர் மெஷினின் கசிவு துடிக்கும் டி.சி.யாக வரக்கூடும், ‘ஏசி’ வகைக்கு அதை நம்பகமாகப் பிடிக்கத் தெரியாது. பெயரைப் பார்த்து ஏ.சி. மெஷினுக்கென்றே செய்தது என்று ‘ஏசி’ வகையை வாங்கி வருகிறவர்கள் உண்டு! அந்தப் பெயர் மாறுமின்னோட்டத்தைக் குறிப்பது.

இன்னொன்று: எர்த் சரியில்லை என்று சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைப்பது. டெஸ்டரில் எல்லாம் சரியாகத் தெரியும். நியூட்ரல் எங்காவது அறுந்த அன்று, மெஷின் வழியாக வரும் ஃபேஸ் நேராகப் பாடிக்கு வந்துவிடும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனும் எர்த்தைச் சோதிப்பதில்லை, எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் அது டக்கென்று விழும்.

மின்சாரம் கொடுக்கும் முன், ஏ.சி.யைக் கழற்றி வைத்துவிட்டு, உறையின் எதிர்ப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராகப் பார்ப்போம். குறைந்தது 1 மெகா ஓம் என்பது விதி. புது ஒயர் அதைவிடப் பல மடங்கு காட்டாவிட்டால் எங்கோ உறை கிழிந்திருக்கிறது. மெஷினோடு சேர்த்து மெகர் வைத்தால் போர்டில் மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் பாகங்கள் அளவைக் கெடுக்கும், போர்டும் கெடலாம். பிறகு அவுட்டோர் பாடியின் போல்ட்டிலிருந்து டி.பி.யின் எர்த் பார் வரை எதிர்ப்பு. 25 மீட்டர் 2.5 சதுர மி.மீ. ஒயருக்கு 0.2 ஓமுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 1 ஓம் காட்டினால் பெயிண்ட்டின் மேல் லக் உட்கார்ந்திருக்கும், சுரண்டிவிட்டு முடுக்க வேண்டும்.

ஓடும்போது எடுக்க வேண்டிய அளவு ஒன்றுண்டு, பலர் எடுப்பதில்லை. அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, டி.பி.யில் வோல்டேஜ், ஏ.சி. டெர்மினலில் வோல்டேஜ், கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர். 4 சதுர மி.மீ. ஒயர் 20 மீட்டருக்கு 8 ஆம்பியரில் குறைய வேண்டியது சுமார் 1.5 வோல்ட். 5 வோல்ட் குறைந்தால் மீதி 3.5 வோல்ட்டை வழியில் ஏதோ ஒரு முனை தின்கிறது: 28 வாட். எம்.சி.பி.யால் பார்க்க முடியாததை மீட்டர் காட்டிக்கொடுக்கும் இடம் இது. பிறகு அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டால் இளஞ்சூடு பரவாயில்லை. பிடித்திருக்க முடியவில்லை என்றால் சாக்கெட்டை மாற்ற வேண்டும், முடுக்கினால் சரியாகாது. அதே ஓட்டத்தில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருப்பது இயல்பு. சுத்தமாக 0 காட்டினால் பக்கத்தில் எங்கோ இரண்டையும் யாரோ இணைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வர வேண்டும்.

ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருந்தால் அது விழும் நேரம்தான் துப்பு. கம்ப்ரசர் கிளம்பிய கணத்தில் விழுந்தால் கம்ப்ரசர் வைண்டிங் கசிவாக இருக்கலாம். மழைக்குப் பின் மட்டும் என்றால் அவுட்டோர் டெர்மினலில் தண்ணீர். இரண்டு மூன்று இன்வெர்ட்டர் மெஷின்களை ஒரே ஆர்.சி.சி.பி.யில் கோத்திருந்தால், ஒவ்வொன்றின் போர்டிலும் உள்ள மின் இரைச்சல் ஃபில்டர் இயல்பாகவே கொஞ்சம் கசியும், எல்லாம் கூடும். 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டது 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்பதால் மெஷினுக்கு ஒன்றாகப் பிரிப்பதே வழி. ஏ.சி.யின் எம்.சி.பி.யை இறக்கி வைத்தும் விழுகிறது என்றால் குழம்ப வேண்டாம். சிங்கிள் போல் எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. வீட்டின் மற்ற லோடுகளின் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த வழியே ஒழுகுகிறது. நியூட்ரல் பாரிலிருந்து ஏ.சி.யின் நியூட்ரலைக் கழற்றினால் ஆர்.சி.சி.பி. விழாமல் நிற்கும்; பிறகு கேபிளை டெர்மினல் டெர்மினலாகப் பிரித்துக்கொண்டே போனால் ஸ்க்ரூவில் நசுங்கிய உறையோ, கிளாம்ப்பில் அறுந்த கோரோ அகப்படும்.