பழைய ஆண்டெனாக் கம்பத்தில் காற்றாலை: முதலில் குழாயைப் பாருங்கள்

2019 தொடக்கத்தில் சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு நின்றது. ஆனாலும் சில தரைவீடுகளின் கூரையில் பழைய ஆண்டெனாக் கம்பம் இன்னும் நிற்கிறது. அதில் சின்னக் காற்றாலை மாட்டலாமா? மாட்டலாம், ஆனால் கம்பத்தை அப்படியே நம்பக்கூடாது.

மின்சாரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே சராசரிக் காற்று வினாடிக்கு சுமார் 2 மீட்டர்தான். 1.2 மீட்டர் விட்டமுள்ள சுழலி அதில் 1 வாட்டைத் தாண்டினாலே பெரிது; பல மாடல்கள் அசையவே அசையாது. 5 மீட்டர் வேகம் கிடைத்தால் ஏறக்குறைய 20 வாட். தோட்ட விளக்குக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் அது போதும், மின்கட்டணம் குறையாது. வாங்குமுன் அதே உயரத்தில் காற்றுமானி வைத்து, வடகிழக்குப் பருவம், தென்மேற்குப் பருவம் இரண்டையும் அளந்து பாருங்கள்.

உண்மையான சிக்கல், சுமத்ரா பக்கமிருந்து இடிமழையோடு வரும் சுமத்ரா சூறைக்காற்று. விடியற்காலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வீசும். அப்போது அந்தச் சுழலியைப் பின்னுக்குத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 33 கிலோ எடைக்குச் சமம். 38 மில்லிமீட்டர் விட்டம், 1.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள குழாய் 3 மீட்டர் தனியாக நின்றால், அடியில் ஏறும் தகைவு (எஃகின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் விசை) சாதாரண எஃகு தாங்குவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மடங்கிவிடும். ஆண்டெனாவுக்கு இவ்வளவு சுமை கிடையாது. அதன் மெல்லிய கம்பிகளுக்கு இடையே காற்று புகுந்து போய்விடும்.

அதிர்வும் உண்டு. தலையில் 6 கிலோ ஏற்றினால் அந்தக் குழாய் வினாடிக்கு 1.7 தடவை ஆடும். சுழலி நிமிடத்துக்கு 100 சுற்றை எட்டும்போது இரண்டும் ஒத்துப்போய், கம்பம் பெரிதாக ஆடத் தொடங்கும். சுவரில் கிளாம்ப் போட்டிருந்தால் படுக்கையறை வரை உறுமல் கேட்கும். 4 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகு வடம் மூன்றை, 120 பாகை இடைவெளியில், டர்ன்பக்கிள் (வடத்தை முறுக்கி இறுக்கும் திருகு) வைத்து இழுத்துக் கட்டினால் வளைவும் குறையும், ஆட்டமும் குறையும். வடத்தை இறக்கை நுனி சுற்றும் வட்டத்துக்கு 15 சென்டிமீட்டராவது கீழே கட்டுங்கள். மூன்று இறக்கைகளையும் சமையல் தராசில் நிறுத்து, எடை வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குழாயின் அடிப்பகுதியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே மழைநீர் தேங்கி அரித்திருக்கலாம். அந்தக் குழாயை மாற்றத்தான் வேண்டும், பெயின்ட் அடித்துப் பயனில்லை.

வயரிங்கில் ஒரே ஒரு விதியை மறக்காதீர்கள்: சுழலி ஓடும்போது பேட்டரியைக் கழற்றவே கூடாது. சுமை போய்விட்டால் வேகமும் வோல்டேஜும் எகிறி, பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் கருகிவிடும். சுழலியிலிருந்து வரும் மூன்று பேஸ் வயர்களையும் ஒன்றாகக் குறுக்கிணைத்து அதை நிறுத்தும் பிரேக் சுவிட்சைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். இடிமழை வருவதற்கு முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். மின்னல் அதிகம் தாக்கும் ஊர் இது. அதனால் கம்பத்தை வீட்டின் இடிதாங்கி அமைப்போடு இணைப்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கூரை உங்களுடையதல்ல, அங்கே இதை யோசிக்காதீர்கள். தரைவீடாக இருந்தாலும், துளை போடுவதற்கு முன் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் அனுமதி தேவையா என்று கேட்டு, தொழில்முறைப் பொறியாளர் ஒருவரைக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.